பத்துக்கு எட்டு ஃபிளெக்ஸும் உன் தம்பியின் ஞாயிற்றுக்கிழமை நடையும்

ராஜபாளையம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு பாதியும் அறிவு பாதியும் கோபம் மட்டும் முழுசாகவும் வாய்த்த என் அக்கா மகள் ஷிஃபாவுக்கு, ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு வட்டாரத்துப் பாதங்களுக்கெல்லாம் பாதுகாவலனும், செருப்புக் கடைச் சக்கரவர்த்தியும், உன் அத்தா மவுத்தான நாளிலிருந்து உனக்கும் உன் தம்பிக்கும் அத்தா இடத்தில் நிற்கப் பார்த்துப் பாதி நாள் தடுக்கி விழுகிறவனுமாகிய உன் மாமா அல்லா பிச்சை எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உன் அம்மாவுக்கு முட்டி வலி பாதி குறைந்திருக்கிறது, உன் மாமி ரமீஜாவுக்கு என் மேல் உள்ள வருத்தம் முக்கால்வாசி குறைந்திருக்கிறது, எனக்குச் சர்க்கரை மட்டும் குறைய மாட்டேன் என்கிறது. மஸ்கட்டில் நீயும் உன் அறையில் இருக்கும் மற்ற நர்ஸ் பிள்ளைகளும் அந்த வெயிலில் வாடாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம்.

போன வாரம் நீ போனில் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. மாமா, வாயால் சொன்னால் நீங்கள் எலியைப் புலியாக்குவீர்கள், அதனால் எழுதி அனுப்புங்கள், தம்பி ஆபித் உண்மையிலேயே தேறி வருகிறானா இல்லையா என்று தெரியாமல் இங்கே எனக்கு வேலை ஓடவில்லை, இந்த மாதக் கடைசியில் வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்து அவனை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாய். நான்கு வருஷம் படாத பாடுபட்டு நீ பிடித்த இடம் அது. அதனால்தான் கடையை மதியமே பூட்டிவிட்டுப் பேனாவை எடுத்திருக்கிறேன். பக்கத்திலேயே உன் தம்பி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான், ஒவ்வொரு பக்கத்தையும் அவன் படித்துப் பார்த்துத்தான் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப் போகிறான். பத்து வரிக்கு ஒரு வரி அளந்து விட எனக்கு அனுமதி தந்திருக்கிறான், அதற்கு மேல் போனால் அடித்துவிடுவானாம். இன்னொரு நிபந்தனையும் உண்டு, அவனைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டும், அவனோடு நடக்கும் மற்றவர்கள் யாரென்று அடையாளம் தெரிய ஒரு எழுத்துகூட வரக்கூடாது. இந்த நிபந்தனை ஏன் வந்தது என்பதுதான் இந்தக் கடிதத்தின் கதையே.

சேதி இதுதான் மருமகளே, உன் தம்பி நடக்கிறான். சென்னைக் கம்பெனிக்காரன் ஒரு காலைப்பொழுதில் ஒரே மெயிலில் வேலையைப் பிடுங்கி அனுப்பியதும், இவன் வந்து அறைக்கதவைச் சாத்தியதும், சோற்றுத் தட்டு உள்ளே போய்ப் பாதி திரும்பி வந்ததும் உனக்குத் தெரியும். பதினான்கு மாதம். வந்த வாரத்தில் நான் கடையிலிருந்து எடுத்துக் கொடுத்த செருப்பின் அடியில் விலை ஸ்டிக்கர்கூட உரியவில்லை, அதைக் கவிழ்த்துப் பார்த்த அன்றைக்குத்தான் இவன் வாசலையே தாண்டவில்லை என்பது எனக்குப் புரிந்தது. இன்றைக்கு அதே பையன் ஞாயிறுதோறும் காலையில் ஐந்தரை மணிக்கு எழுந்து, பல் விளக்கி, பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய், மலையடிவாரத்தில் மூன்று மணி நேரம் நடந்துவிட்டு வருகிறான். இதில் அளப்பு ஒரு சொட்டும் இல்லை, ஆபித் தலையாட்டிவிட்டான்.

முழுசாகச் சொல்கிறேன் கேள். உன் அம்மா இவனைக் கூட்டிப்போய்க் காட்டிய டாக்டர், மாத்திரை ஒரு நிலைக்கு வந்ததும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பாண்டிசெல்வி என்று ஒரு பெண் இருக்கிறாள், இளவட்டங்களுக்கு ஒரு நடைக்குழு நடத்துகிறாள், அங்கே அனுப்பிப் பாருங்கள் என்றார். நீ நர்ஸ், கேட்பாய் என்று தெரியும், மாத்திரையை நிறுத்தவில்லை, இரண்டும் சேர்ந்துதான் நடக்கிறது. ஏட்டு பாண்டிதுரையின் மகள்தான் அவள், மனநல ஆலோசனைக்கென்றே படித்தவள், வயது முப்பதுகூட இருக்காது. நான் நேரில் போய், நடந்தால் கவலை தீரும் என்றால் ஊரில் தபால்காரர் ஒருத்தருக்கும் கவலையே இருக்கக் கூடாதே என்று என் பாண்டித்தியத்தைக் காட்டினேன். அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "நடக்குறது மட்டும் மருந்தில்ல பாய். எதுத்தாப்புல உக்காந்தா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கணும். பக்கத்துல நடந்தா ரோட்டைப் பாத்தாப் போதும், பேச்சு தானா வரும்" என்றாள். முப்பத்தொரு வருஷம் ஊர்க்காரர்கள் காலைப் பிடித்தே பிழைத்தவன் நான், ஆனாலும் காலுக்கும் வாய்க்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

அந்தக் குழுவில் எட்டுப் பேர். நம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலைக் குன்றின் அடிவாரத்தில் கூடி, மாந்தோப்பும் தென்னந்தோப்புமாகச் செண்பகத்தோப்புப் பக்கம் போகிற ரோட்டில் நடப்பார்கள். இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும், ஒவ்வொரு திருப்பத்திலும் ஜோடி மாற வேண்டும். காட்டிலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாரிச்சாமி என்பவர் எல்லோருடைய போனையும் ஒரு பையில் வாங்கி வைத்துக்கொண்டு கடைசியில் வருவார். வழியில் பேசியது வழியோடு போய்விட வேண்டும். அன்றைக்குப் பேச மனமில்லாதவர் தண்ணீர்ப் பையைத் தூக்கிக்கொள்ள வேண்டும், பை தோளில் இருக்கிறவரிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதி எனக்கு அப்போது தெரியாது.

தெரியாததால் என்ன நடந்தது என்றால், முதல் வாரமே உன் மாமா மாறுவேடத்தில் வேவு பார்க்கக் கிளம்பினார். தலையில் துண்டு, முகத்தில் கறுப்புக் கண்ணாடி, கீழே என் மொபெட். அந்த மொபெட் சத்தத்தை சோழபுரத்தில் படுத்திருக்கும் எருமைகூட அடையாளம் கண்டு தலையைத் தூக்கும், அது எனக்கு உறைக்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் நம் பையன் தோளில் இருபது லிட்டர் தண்ணீர். (ஆறு லிட்டர் என்று ஆபித் திருத்தச் சொல்கிறான்.) அடுத்த வாரமும் அவனே, அதற்கடுத்த வாரமும் அவனே. ஒரு எஞ்சினியரைத் தண்ணீர் சுமக்க விட்டுவிட்டார்களே என்று எனக்கு ரத்தம் கொதித்து மொபெட்டை முறுக்கிக்கொண்டு நடுவில் போய் நிறுத்தினேன். பாண்டிசெல்வி கிட்டே வந்து, வண்டியை முதலில் அணையுங்கள், உங்கள் சத்தத்துக்கு மயில் ஓடுகிறது, கூடவே மனுசரும் ஓடிவிடுவார்கள் என்று மெல்லச் சொன்னாள். அன்றைக்கு அந்தத் தோப்பில் ஆயிரம் மயில் நின்றது. (ஏழு.) உன் தம்பி என்னைப் பார்த்தான், பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தான். நான் வீட்டுக்கு வந்து உன் மாமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே விவரிக்க இடம் போதாது.

நான்காவது வாரம் வந்தது. ஞாயிறு பகல் பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்தவன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போகாமல் அடுப்படியிலேயே உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இன்னைக்கு நான் தண்ணி தூக்கலம்மா என்று சொல்லியிருக்கிறான். உன் அம்மா அப்போதுதான் அந்த விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கை மாவோடு கடைக்கே ஓடி வந்து சொன்னாள். முட்டி வலிக்காரி, ஓடியே வந்தாள், பஸ் எல்லாம் நின்று வழிவிட்டது. (இந்த ஒரு வரி அப்படியே இருக்கட்டும் மாமா, நன்றாக இருக்கிறது என்கிறான்.) எனக்கு அன்று ஏற்பட்ட சந்தோஷம் இருக்கிறதே, மலையைத் தூக்கி மடியில் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் ஷிஃபா, நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மற்றவர் சொல்லி நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். காது குத்தினால் ஃபிளெக்ஸ், சடங்கானால் ஃபிளெக்ஸ், ப்ளஸ் டூ தேறினால் ஃபிளெக்ஸ், போலீஸில் சேர்ந்தால் மூன்று ஃபிளெக்ஸ், செத்தால் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். பதினான்கு மாதம் கழித்து ஒரு பையன் வாய் திறந்து பேசியிருக்கிறான், அதற்கு ஒரு ஃபிளெக்ஸ் இல்லையென்றால் அது அவனுக்குச் செய்கிற குறை என்றே நான் மனசார நினைத்தேன். ஃபிளெக்ஸ் கடை நிஜாமிடம் போனேன். கல்லூரியில் கூலிங்கிளாஸ் போட்டு எடுத்த படத்தைக் கொடுத்தேன். "மச்சான், பின்னால ஒரு புலி போட்ருவோமா" என்றான் அவன், போடு என்றேன். பத்துக்கு எட்டு அடி. மனக்கவலையை மிதித்து மாவாக்கிய எங்கள் மருமகனே, மனநல நடைக்குழுவின் மாவீரனே, ஆபித் பி.இ. அவர்களே, வருக வருக, இவண் மாமன் அல்லா பிச்சை என்று எழுத்து. அடுத்த ஞாயிறு விடியும் முன் கொண்டுபோய், அவர்கள் கூடுகிற இடத்திலேயே இரண்டு தென்னைக்கு நடுவில் கட்டி, கையில் ரோஜா மாலையும் ஒரு கிலோ பால்கோவாவுமாகக் கீழே நின்றேன்.

ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் படித்தார்கள். ஒருவர் அப்படியே திரும்பி நடந்தார், இன்னொருவர் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பஸ் வரும் திசைக்குப் போனார். வீட்டில் வேறு ஏதோ காரணம் சொல்லிவிட்டு வருகிறவர்கள் அந்தக் குழுவில் உண்டாம், அடிவாரத்துக்கு வருகிற போகிற சனமெல்லாம் அந்த எழுத்தைப் படித்துவிட்டு அவர்களை ஏற இறங்கப் பார்த்ததாம். பாண்டிசெல்வி கயிற்றை அவிழ்த்தாள், மாரிச்சாமி அதைச் சுருட்டினார். ஆபித் கடைசியாக வந்தான். மாலையோடு நின்ற என்னிடம் வந்து, "ஊருக்குத் தெரிஞ்சதுல எனக்கு ஒண்ணுமில்ல மாமா. அந்த ஏழு பேரும் உங்களுக்கு என்ன செஞ்சாங்க" என்று கேட்டான். கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. அப்படியே பஸ் ஏறி வந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான், போனையும் அணைத்துவிட்டான்.

அந்த ஐந்து நாளைப் பற்றி அலங்காரமாக எழுத எனக்கு வரவில்லை. தட்டு உள்ளே போனது, திரும்பியது. உன் அம்மா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "ஏலே பிச்சை, ஒனக்கு ஒரு சந்தோசத்தக்கூட சத்தமில்லாம வச்சுக்கத் தெரியாதாலே" என்றாள். நான் பாண்டிசெல்வியிடம் ஓடினேன், அந்தப் பிள்ளைகள் வீட்டு விலாசம் கொடு, ஒவ்வொரு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். வீடு வீடாகப் போனால் இன்னும் ஏழு ஃபிளெக்ஸ் கட்டினது மாதிரிதான் பாய், அவர்கள் யாரென்று உங்களுக்குத் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும், அதுதான் நீங்கள் அவர்களுக்குச் செய்யக்கூடிய உதவி என்று அனுப்பிவிட்டாள். மன்னிப்புக் கேட்கவும் கூடாத ஒரு குற்றத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகச் செய்திருந்தேன். கடையில் உட்கார்ந்தால் இடது காலுக்கு வலது செருப்பை எடுத்துக் கொடுத்தேன். உனக்குப் போன் செய்யாமல் நான் ஒளிந்தது அந்த வாரம்தான்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் என் கடைக்கே வந்தாள். ஒட்டிய கவர் ஒன்றை நீட்டி, இதை ஆபித்திடம் கொடுங்கள், கூடுகிற இடத்தை மாற்றியிருக்கிறோம், எந்த இடம் என்று உள்ளே எழுதியிருக்கிறது, அது அவருக்கு மட்டும்தான் என்றாள். நான் யாரென்று உனக்குத் தெரியும். பக்கத்துக் கடைக்கு வந்த கல்யாணப் பத்திரிகையைக்கூடப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறவன். அந்தக் கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடையிலிருந்து வீடு வரை வந்தேனே, ஹிமாலயம் ஏறியவன்கூட அப்படி மூச்சு வாங்கியிருக்க மாட்டான். வெயிலில் தூக்கிப் பிடித்தால் உள்ளே எழுத்து தெரியும் என்று எனக்குத் தெரியும். பிடிக்கவில்லை. (அரைச் செகண்டு பிடித்தார், மாமி ஜன்னலில் பார்த்திருக்கிறாள் என்கிறான் ஆபித். சரி, அரைச் செகண்டு. கண்ணாடி போடவில்லை, அதனால் ஒன்றும் தெரியவில்லை.) கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு, என் வழக்கப்படி ஒரு பிரசங்கம் செய்ய வாயைத் திறந்து, திரும்ப மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் கதவு திறந்தது. நான் பாயில் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன், மொபெட் சாவி உன் மாமியின் இடுப்பில் இருந்தது. எந்தப் பஸ்ஸில் ஏறினான், எந்தப் பக்கம் போனான் என்று பார்க்க நான் வாசலுக்குக்கூடப் போகவில்லை. ஷிஃபா, பின்னால் போகாமல் ஒரு இடத்தில் உட்கார்ந்திருப்பது இம்புட்டுப் பெரிய வேலை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நான்கு மணி நேரம் உன் அம்மாவும் நானும் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு மூட்டை வெங்காயம் உரித்தோம். (மூட்டைதான், நான் வந்து பார்த்தேன் என்று ஆபித்தே ஒத்துக்கொண்டான்.) பதினோரு மணிக்கு வந்தான். ஷூவில் மண். எனக்கு ஒரு மண்ணைக் காட்டினால் அது எந்தக் கண்மாய்க் கரை, எந்த ஊர்ப் புஞ்சை என்று சொல்லிவிடுவேன், தொழில் அப்படி. அந்த மண் எந்த இடத்து மண் என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அவனிடம் சொல்லவில்லை, உன் மாமியிடம் சொல்லவில்லை, உனக்கும் எழுதப் போவதில்லை. ஷூவைக் கழற்றி அங்கே வைப்பா, சாப்பிட வா என்றேன், அவ்வளவுதான்.

சாப்பிட்டுக்கொண்டே அவனாகச் சொன்னான், திரும்பிப் போன இரண்டு பேரும் வந்துவிட்டார்களாம். எப்படி வந்தார்கள் என்று கேட்டதற்குத்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஐந்து நாளும் இவன் பழையபடி உள்ளே முடங்கிக் கிடக்கிறான் என்று நான் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தேனே, அவன் உள்ளே எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். ஏழு பேருக்கும் ஏழு தனித்தனிக் கடிதம். என் மாமா செய்த தப்புக்கு நான் பொறுப்பு, ஆறு வாரத்துக்குத் தண்ணீர்ப் பையை நானே தூக்குகிறேன், ஆனால் எனக்குப் பேசவும் வேண்டும், அதனால் பை என் தோளில் இருந்தாலும் நீங்கள் என்னிடம் கேட்கலாம் என்று. அந்தக் கட்டைக் கொண்டுபோய் பாண்டிசெல்வி கையில் சேர்த்தது யார் தெரியுமா? உன் அம்மா. முட்டி வலிக்கு மருந்து வாங்கப் போகிறேன் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தாள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் குடும்பத்தில் ரகசியம் காக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன், நான் ஒருவன்தான் பாக்கி.

அது நடந்து ஐந்து ஞாயிறு ஆகிவிட்டது. எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை, அதையும் எழுதுங்கள் என்கிறான். போன புதன்கிழமை முழுவதும் எழுந்திருக்கவில்லை, தட்டில் பாதிச் சோறு அப்படியே திரும்பியது. ஆனால் வியாழக்கிழமை தானாகவே பாண்டிசெல்விக்குப் போன் போட்டுச் சொன்னான், டாக்டரிடமும் அவனாகவே கேட்டு நேரம் வாங்கினான். நீ வேலையை விட்டுவிட்டு வருவதாகச் சொன்னதை அவனிடம் சொன்னேன், சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை, நான் இன்னும் அவ்வளவு தேறவில்லை. அதற்கு அவன், "அக்கா என்னயப் பாக்க வரட்டும் மாமா. பாத்துக்க வர வேண்டாம். லீவு போட்டு வந்தா ஒரு நாள் நான் அக்காவக் கூட்டிட்டு நடக்கேன்" என்றான். இதை அப்படியே எழுதச் சொன்னான், ஒரு எழுத்தும் நான் கூட்டவில்லை குறைக்கவில்லை. ஆகவே வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தால் போய்த் திரும்ப வாங்கு, கொடுக்கவில்லை என்றால் கிழித்துப் போடு. போன் பேசும்போது நல்லா இருக்கியா, மனசு எப்படி இருக்கு என்று துருவாதே, இன்றைக்கு எந்தப் பக்கம் போனாய், என்ன பார்த்தாய் என்று கேள், மீதியை அவனே சொல்வான். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, ஹாஸ்பிடலில் நாள் முழுக்க நிற்கிறவள், குதிகால் மெத்தென்று இருக்கும் செருப்பாகப் போடு. எல்லாம் வல்ல அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த மனசையும், உன் பேச்சைக் கேட்கிற ஒரு மாப்பிள்ளையையும் தருவானாக, ஆமீன்.

ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை டூட்டிக்குப் போகிற வேனில் ஏறியதும் நீ அவனுக்குப் போன் போடுவாய். அந்த நேரத்தில் அவன் போன் மாரிச்சாமி பையில் கிடக்கும். இத்தனை மாதமாக அவன் எடுக்காத ஒவ்வொரு தடவையும் நீ அங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களுக்கெல்லாம் மாற்றி மாற்றிப் போன் அடித்தாய். இனி ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் எடுக்கவில்லை என்றால், ஜன்னல் ஓரமாகச் சாய்ந்து செத்த நேரம் கண்ணை மூடிக்கொள் தாயே, அவன் நடந்துகொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
உன் அம்மாவின் தம்பி, உன் தம்பியின் மாமன்,
அல்லா பிச்சை

(படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது – ஆபித்)